தலைவாசலுக்கு வைத்திருந்த வேம்பு

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு மரக்கடை இருக்கிறது. நான் அங்கேதான் வேலை செய்கிறேன். பத்தாவது முடித்ததும் மரம் இறக்கப் போனவன், இப்போது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு அளவு சொல்கிறேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் முதலாளிக்கு என்னைப் பிடிக்கும். வாடிக்கைக்காரர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "இன்னாப்பா, உன்னாண்ட பேசுறமா மரத்தாண்ட பேசுறமான்னே தெரியலயே" என்று ஒரு மேஸ்திரி கேட்டிருக்கிறார். அவர்தான் பின்னால் எங்கள் வீட்டையும் கட்டினார்.

மரக்கடையில் நெடுநாள் இருந்தால், ஊர் எப்படி வீடு கட்டுகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் எங்கள் தெரு ஆட்கள் வந்து கேட்டதெல்லாம் சவுக்குக் கழியும் பனங்கையும்தான். சவுக்கை நட்டு, பனங்கையை மேலே சாய்த்து, ஓலை வேய்ந்தால் வீடு. கையில் கொஞ்சம் சேர்ந்தவர்கள் ஓடு போட ரீப்பர் சட்டம் கேட்டார்கள். செங்கல்பட்டு ஊருக்குள் பழைய பெரிய வீடுகளில் சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் செங்கல்லைக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்பு பூசிய தளம் இருக்கும். அவற்றை இடிக்கும்போது அந்த உத்தரங்கள் எங்கள் கடைக்கு வரும். அறுத்தால் உள்ளே புதுசு மாதிரி மணக்கும். வேறு யார் வீட்டுக்கோ கதவாகப் போகும்.

பிறகு எல்லாரும் காங்கிரீட்டுக்கு மாறினார்கள். அப்போதும் சவுக்கு போய்க்கொண்டுதான் இருந்தது, தளம் இறுகும்வரை கீழே நின்று தாங்குவதற்கு. மாமல்லபுரம் போகிற வழியில் மணலில் வரிசையாக நிற்கும் சவுக்குத் தோப்புகளைப் பார்த்தால் எனக்கு யார் யார் வீட்டுத் தளமோ ஞாபகம் வரும். இப்போது அதற்கும் இரும்பு ஜாக்கி வந்துவிட்டது. ஜன்னல் பிளாஸ்டிக், பாத்ரூம் கதவு பிளாஸ்டிக். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழைக்குப் பாத்திரம் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் நான், ஓலையைப் புகழ எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எல்லாவற்றையும் இரும்பில் கேட்கிற ஆள்கூட, தலைவாசல் நிலை என்று வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மரம் இன்னா வச்சிகீற, காட்டு" என்பார்.

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால், காலனியில் இருக்கிறது. ஓலையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருந்தோம். மகன் ஒரகடம் பக்கம் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் தளம் போட்ட வீடு கட்டலாம் என்ற பேச்சு வந்தது. வாசலில் ஒரு வேம்பு நின்றது.

மகனுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காது. அதனால் வேம்பின் அடிமரத்துக்கும் எதிரில் நட்ட ஒரு சவுக்குக் கம்பத்துக்கும் நடுவே கயிறு கட்டி, அதில் அவளுக்குத் தூளி போட்டோம். என் மனைவி ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே அரிசி புடைப்பாள். நடக்கத் தொடங்கியவள், பேச்சு வருவதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

கயிற்றை யாருக்கும் அவிழ்க்க மனம் வராமல் ரொம்ப காலம் அப்படியே கிடந்தது. மரம் பருத்தபோது கயிறு அதை இறுக்கியது. அது இற்று விழுந்த பிறகும், மரம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பு மாதிரி ஒரு பள்ளம் நின்றுவிட்டது. என் மனைவி மகளைப் பற்றிப் பேசியதில்லை. பெயரைக்கூடச் சொன்னதில்லை. மரத்தடியைத் தினமும் பெருக்குவாள், அவ்வளவுதான்.

மேஸ்திரி வந்து கயிறு பிடித்து அளந்தார். பிறகு மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இத எடுக்கணும்மா. ஹாலு நடுவுல வருது."

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "எடுங்க. ஆனா வெளிய போவக் கூடாது. தலைவாசலுக்கு இதான்."

"பச்ச மரம்மா இது. நெல கோணிக்கும்."

"கோணுனா கோணட்டும். எங்க வூட்டு வாசல்தான."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பச்சை மரத்தில் நிலை செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? "அதான் அவ சொல்றாளே" என்றேன்.

கடையில் மரம் தூக்குகிற நண்பன் ஒருவன் எனக்கு இருக்கிறான். என்னைவிடச் சின்னவன், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்துக்காரன். மீன்பிடிக்கிற குடும்பம். படகில் ஏறினால் இவனுக்கு வாந்தி வரும் என்பதால் மரம் தூக்க வந்தவன். அவனிடம் சொன்னேன். அவன்தான் வழி சொன்னான்.

"எங்க ஊர்ல வேம்போ பனையோ வெட்டுனா, கால்வாத் தண்ணில போட்டுடுவோம் அண்ணாத்த. உப்பு சாறு மொத்தத்தையும் இழுத்துடும். அப்பறம் எடுத்து நெழல்ல காய வச்சா கோணாது, வெடிக்காது, பூச்சி கிட்டக்க வராது."

பக்கிங்காம் கால்வாய் அவன் ஊருக்குப் பின்னால்தான் போகிறது. உப்புத் தண்ணீர். கடையிலும் சில பெரியவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சரி என்றேன்.

வெட்டுகிற அன்று என் மனைவி மரத்துக்கு மஞ்சள் தடவிக் கற்பூரம் காட்டினாள். மரத்தில் குடியிருப்பது எதுவானாலும் வேறு மரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி வேண்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அடிமரத்தை விட்டுக் கிளைகளைக் கழித்தார்கள். மேலே மரம் பிரிகிற கவட்டையையும் வெட்டப் போனபோது, "அத்த விட்டுடுங்க" என்றாள். நிலைக்கு அந்தக் கவட்டை உதவாது. அறுவை மில்லில் எப்படியும் போகப் போவதுதான். விட்டுவிட்டோம். பட்டையை உரித்த பிறகு குட்டியானை வண்டியில் ஏற்றினோம். வண்டி கிளம்புவதற்கு முன்னால் அவள் வீட்டுக்குள் போய் ஒரு சிவப்புத் துணியை எடுத்து வந்து, அந்தப் பள்ளத்தில் சுற்றி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அதையும் வழக்கம் என்றே நினைத்துக்கொண்டேன்.

மரத்தைக் கால்வாயில் இறக்கி, கரையில் ஒரு கல்லில் பிணைத்துவிட்டு வந்தோம். இங்கே கடைக்கால் தோண்டினார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

கார்த்திகையில் அடித்த புயலில் கால்வாய் கரை புரண்டது. மறுநாள் போய்ப் பார்த்தபோது கல்லும் இல்லை, கயிறும் இல்லை, மரமும் இல்லை. நண்பன் கரையோரமாகத் தேடிக்கொண்டே ரொம்ப தூரம் நடந்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால், என் மனைவி மரம் நின்ற இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அங்கே இப்போது கடைக்கால் பள்ளத்தின் சேறும் செங்கல் துண்டும்தான். அதையே பெருக்கினாள்.

மார்கழியில் வாசக்கால் வைக்க மாட்டார்கள். தை பிறந்ததும் நல்ல நாள் இருக்கிறது என்று மேஸ்திரி வந்து சொல்லிவிட்டுப் போனார். "அதுக்குள்ள ஆசாரிக்கு மரம் குடுத்துடணும். உன் கடையில இல்லாத மரமா? எதையாவது தூக்கிக் குடுப்பா." அவர் சொன்னது நியாயம்தான். என்னைச் சுற்றி எல்லா மரமும் இருந்தது. கடையில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எதைக் கொண்டுபோய் அவள் முன்னால் இறக்குவது என்று தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நண்பன் மூங்கில் கட்டைப் பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணாத்த, மரம் கெடச்சிச்சி."

"எங்க?"

"எங்க ஊர்லயே. கால்வாலேர்ந்து மொகத்துவாரம் வழியா கடலுக்குப் போயி, கடல் திருப்பி எங்க கரைல போட்டுகீது."

"அப்ப இன்னிக்கே வண்டி எடுத்துகினு போலாம்."

அவன் மூங்கிலை ஒவ்வொன்றாக அடுக்கினான். "அதுல ஒரு பேஜாரு."

"இன்னா?"

"அது சாமி ஆயிடுச்சி."

எனக்குப் புரியவில்லை. பிறகு, இத்தனை நாள் சொல்லத் தயங்கியதைச் சொன்னான். சிவப்புத் துணி கட்டிக்கொண்டு கரைக்கு வந்த மரத்தைக் குப்பத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய், ஊர்ச் சாமி ஏழு கன்னியம்மா பக்கத்தில் நட்டு, மஞ்சள் பூசி, பாவாடை கட்டிவிட்டார்கள். தினமும் விளக்கு ஏற்றுகிறார்கள்.

"நம்ம மரம்னு நீ சொல்லலயா?"

"எப்டி அண்ணாத்த சொல்றது? நான் போய் பாக்கறப்ப எங்கம்மாவே கற்பூரம் காட்டிகினு நிக்கிது."

வீட்டில் சொன்னபோது என் மனைவி அடுப்பை அணைத்தாள். புடவை மாற்றிக்கொண்டு வந்து, "போலாம்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அங்கே போய் எப்படிக் கேட்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். தப்பா நெனச்சிக்காதீங்க என்று தொடங்குவதா, எங்க மரம் ஒண்ணு என்று தொடங்குவதா? அடுக்கியதெல்லாம் மாமல்லபுரத்தில் இறங்கும்போது கலைந்துவிட்டது. எங்கள் தெருவிலிருந்து ஒருவன் போய் இன்னொரு ஊர்க் கோவிலில் நிற்பவளை என்னுடையவள் என்று கேட்பது சின்ன விஷயமில்லை. அது மரமாக இருந்தாலும்.

குப்பத்தைத் தாண்டி மணல்மேட்டில் ஏழு கற்கள் மஞ்சள் பூசி வரிசையாக நின்றன. கூரை கிடையாது, சுற்றிலும் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கற்களின் ஓரத்தில் எங்கள் வேம்பு. அடியைப் பாதி மணலில் புதைத்திருந்தார்கள். கவட்டையின் இரண்டு முனையும் தூக்கச் சொல்லிக் கை நீட்டுகிற மாதிரி இருந்தது. இடுப்பில் பச்சைப் பாவாடை. அதற்கு அடியில் பழைய சிவப்புத் துணியும் அப்படியே இருந்தது. வளையல்களை நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அவை கிலுங்கிக்கொண்டிருந்தன.

நண்பனின் அம்மா அங்கேதான் இருந்தார். மீன் விற்கிறவர், உரத்த குரல். மகன் யாரோ ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு, "கும்புட வந்தீங்களா? வாங்க வாங்க" என்றார். நான் கயிற்றுக்கு வெளியிலேயே நின்றேன். "இன்னா நைனா அங்கியே நின்னுகினு? உள்ள வா. கயிறு நாய்க்குத்தான்." என் மனைவி அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

"இவ எப்ப வந்தா?" என்று கேட்டாள்.

"புயல் அடிச்சி ஓஞ்சிதே, அதுக்கு மறுநா. நல்ல நாளு, வெள்ளிக்கெழம. வலை பாக்கப் போனவங்க சத்தம் போட்டாங்கன்னு ஓடுனோம். செவப்புத் துணி சுத்திகினு மல்லாக்கப் படுத்துகினு கெடந்தா. அலை வந்து காலத் தொட்டுட்டுத் தொட்டுட்டுப் போவுது. அந்தப் புயல்ல எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. அப்பறம் விடுவமா? இவங்க ஏழு பேருக்கும் தங்கச்சின்னு வச்சிட்டோம்."

"எத்தினி வயசு இருக்கும்?"

அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை.

"சின்னக் கொழந்த. இங்க பாரு, ஒரு பொந்து இருக்குதா? காத்து அடிச்சா ஊன்னு ஒரு சத்தம் வரும். பேச்சு வராத கொழந்தைங்க கத சொன்னா ஊ கொட்டுமே, அந்த மாதிரி. நாங்கூட அப்பப்ப வந்து நின்னு மீன் வெல, சண்ட எல்லாம் இவகிட்ட சொல்லுவேன். எல்லாத்துக்கும் ஊ தான்."

என் மனைவி கையை நீட்டி, பாவாடையின் மேலாக அந்தப் பள்ளத்தில் வைத்தாள். உள்ளங்கை அதில் சரியாகப் பதிந்தது. பிறகு சொன்னாள்.

"இது எங்க வூட்டு மரம். இந்தப் பள்ளம் தூளிக் கயிறு இறுக்குனது. இந்தச் செவப்பு, எம் பொண்ணு பாவாட."

மகளின் பெயரையும் சொன்னாள். எத்தனை வருடமோ ஆகியிருந்தது அந்தப் பெயரை அவள் வாயில் கேட்டு. நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அந்த அம்மாள் முதலில் மகனைத்தான் பிடித்தார். "டேய், தெரிஞ்சிகினே வாய மூடிகினு இருந்தியா?"

"நீ கற்பூரத்த வச்சிகினு நின்ன. வாயத் தொறந்தா எம் மேலயே கொளுத்தியிருப்ப."

"கொளுத்தத்தான் செஞ்சிருப்பேன்." பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார். "எடுத்துகினு போறதுன்னா போம்மா. ஆளுங்கள நான் கூப்புடறேன். ஒரு பொம்பள வந்து நின்னு எம் பொண்ணுன்னா, இல்லன்னு சொல்ற ஊரு இல்ல இது."

என் மனைவி என்னிடம் கேட்டாள். "நெல செய்யணும்னா அறுக்கணும்ல?"

"ஆமா."

"இந்தக் கை ரெண்டும் போயிடும்."

"போயிடும்."

"பள்ளம்?"

அந்த இடத்தைக் கழித்துவிட்டுத்தான் சட்டம் எடுப்பார்கள். தினமும் கடையில் பத்துப் பேருக்குச் சொல்கிற விஷயம். அதுவும் போய்விடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள். வளையல் நூல் ஒரு பக்கம் சிக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும். இங்க முழுசா நிக்கிறா" என்றாள். பிறகு அந்த அம்மாளிடம், "மழையிலயும் வெயில்லயும் நிக்கிதே. மேல ஒண்ணு போட மாட்டீங்களா?"

"போடணும் போடணும்னு ஏழு பேரும் எத்தினி வருசமா நிக்கிறாங்க. எங்க ஊரு ஆம்பளைங்க கடலுக்குப் போவானுங்க, இல்ல சீட்டாடுவானுங்க."

"நான் போட்டுக் குடுக்குறேன்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அந்த அம்மாளிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பனும் போனோம். நல்ல முற்றிய சவுக்காகப் பொறுக்கி எடுத்து, மண்ணில் புதைகிற முனையை நெருப்பில் கருக்கிக்கொண்டோம். கருக்கினால் சீக்கிரம் உளுக்காது. மேலே பனங்கை, அதன்மேல் தென்னங்கீத்து. உப்புக்காற்றில் ஆணி துரு பிடித்து விழுந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் கயிறு போட்டே கட்டினோம். இத்தனை காலத்தில் எத்தனையோ வீட்டுக்கு மரம் அனுப்பியிருக்கிறேன். என் கையால் கட்டிய கூரை இது ஒன்றுதான். நண்பனின் அம்மா கீழே நின்றுகொண்டு, "கோணலா கீது, அந்தப் பக்கம் இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உண்மையில் கோணலாகத்தான் இருந்தது. இறக்கினேன்.

எங்கள் நிலைக்கு, செங்கல்பட்டில் இடித்த ஒரு வீட்டின் தேக்கு உத்தரத்தை எடுத்தேன். முதலில் என் மனைவியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். உத்தரத்தில் கொக்கி போட்டிருந்த ஓட்டை ஒன்று இருந்தது. ஊஞ்சல் தொங்கியிருக்கும், தூளியும் தொங்கியிருக்கலாம். அவள் அதில் விரலை விட்டுப் பார்த்தாள். "யாரு வூட்டுக் கொழந்தைங்கள ஆட்டுனாங்களோ" என்றாள். ஆசாரி அதை மரத்தூள் மக்கு வைத்து அடைத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போதும் எங்கள் நிலையின் வலது காலில் அந்த ஓட்டை இருக்கிறது.

தை பிறந்து வாசக்கால் வைக்கிற நாள் வந்தது. அன்றைக்கு வீட்டுக்காரியின் தாய்வீட்டிலிருந்து புடவையும் பூவும் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். என் மனைவிக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அதனால் தட்டு எதிர்பார்க்காமல் நாங்களே எல்லாம் வாங்கி வைத்திருந்தோம். நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, தூக்கி நிறுத்தப் போகும் நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து நண்பன் இறங்கினான். பின்னாலேயே அவன் அம்மாவும் குப்பத்துப் பெண்கள் சிலரும், கையில் தட்டுகளோடு இறங்கினார்கள்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். "இன்னா, மீனு விக்க ஊரே வந்துகீது?"

"சம்பந்தி வூட்டுக்கு வந்துகீறோம். நீ கல்ல ஒழுங்கா வை" என்றார் நண்பனின் அம்மா. பிறகு என் மனைவியின் எதிரில் வந்து தட்டை நீட்டினார். அதில் புடவை, மஞ்சள், பூ, வெற்றிலை பாக்கு எல்லாம் இருந்தன. "பொண்ணு கீற வூட்டுலேர்ந்து வந்துகீறோம். வாங்கிக்கோ."

என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். உடனே உள்ளே கொண்டுபோகவில்லை.

"நல்லா கீறாளா?" என்று கேட்டாள்.

"அவளுக்கு இன்னா கொற? போன வாரம் ஒரு மழ பேஞ்சிதே. அக்கா தங்கச்சி எட்டுப் பேரு மேலயும் ஒரு சொட்டு விழல."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நிலையின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "ஆடாத, நேரா புடி" என்றார். பிடித்தேன்.